புலிக்கு ஒரு திரை

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. திருச்செந்தூர் முருகன் கோயிலை முன்வைத்து வந்த வழக்கு அது. சன்னதிக்கு எதிரே நின்று படமெடுப்பதும் காணொளி பதிவதும் எல்லை மீறிவிட்டன என்பது குறை. சென்னையில் தாம்பரம் தாண்டினால் வண்டலூர். அங்கே அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் வாசலில் நிலைமை நேர்மாறு. கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும். சிங்கத்தையும் புலியையும் சிறுத்தையையும் மனம் சலிக்கும்வரை எடுத்துத் தள்ளலாம்.

இரண்டு இடத்துக்கும் சனம் வருவது பார்க்கத்தான். இரண்டிலும் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம். ஓரிடத்தில் கேமரா அபசாரம், மற்றதில் வருமானம். இது வெறும் நிர்வாக வேறுபாடுதானா? இல்லை, பார்ப்பது என்ற செயலைப் பற்றி நம் சமயங்கள் பாடுபட்டுக் கண்டுவைத்த ஏதோ ஒன்றைப் புலிக்கூண்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டோமா?

இதற்கு ஒரு சுருக்கமான பதில் உண்டு: அங்கே இருப்பது தெய்வம், இங்கே இருப்பது மிருகம், முடிந்தது வழக்கு. ஆனால் புலியை வெறும் மிருகம் என்று தள்ளிவிடத் தமிழ்ச் சைவத்தால் முடியாது. சிதம்பரத்தின் பழைய பெயரே பெரும்பற்றப்புலியூர். அம்பலத்தில் ஆடலைக் காணும் பேறு பெற்றவர்களில் ஒருவர் புலிக்கால் முனிவர். வண்டு தொடுமுன் பூப்பறிக்க வேண்டும், அதற்கு மரமேற வேண்டும் என்று புலியின் கால்களையும் இருட்டிலும் தெரியும் கண்ணையும் வரமாகக் கேட்டு வாங்கியவர் என்கிறது புராணம். (அதே சைவம்தான் தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய புலியை உரித்து இறைவனுக்கு உடுத்தியும் விட்டது. புலிக்கு நம்மிடம் கிடைத்த மரியாதை எப்போதுமே கலவையானது.) ஆகவே கேள்வியை வேறு பக்கமிருந்து கேட்டுப் பார்க்க வேண்டும். கோயிலில் பார்ப்பது என்றால் என்ன?

சிற்பி உளியைக் கீழே வைத்த பிறகும் சிலை கல்தான். கண் திறக்கும் சடங்கு முடிந்த பின்னரே அது மூர்த்தி. திறந்த கண்ணில் முதலில் படவேண்டியவை என்று கன்றோடு கூடிய பசு, தானியம், கன்னிப் பெண்கள் என மங்கலமானவற்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். காரணம் எளிது. அந்தக் கண் பார்க்கிறது. பக்தர் போவது சாமியைப் பார்க்க மட்டும் இல்லை, சாமியின் பார்வையில் படவும்தான். இந்தியச் சமயங்களைப் படித்த டயானா எக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981இல் தரிசனம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதன் நடுப்புள்ளியே இந்த இருவழிப் பார்வை. நம்மூர்ப் பாட்டிமாருக்கு அது நூலில்லாமலே தெரியும். காளி, முனி, உக்கிர நரசிம்மர் என்றால் நேர் எதிரே நிற்காதே, ஓரமாக நின்று கும்பிடு என்பார்கள்.

இலங்கைச் சிங்கள பௌத்தர்களிடம் இது இன்னும் தீவிரம். புத்தர் சிலைக்குக் கண் எழுதும் அந்தச் சடங்கின் பெயர் நேத்ர மங்கல்யம். ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். கண் எழுதும் ஓவியர் சிலையை நேருக்கு நேர் பார்க்க மாட்டார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே தூரிகையைத் தீட்டுவார். புதிதாகத் திறக்கும் பார்வை முதலில் விழும் ஆளாக இருக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது.

புகைப்படக்காரர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள்ளும் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. கம்பிக்கு அப்பால் நிற்கும் புலியை அதில் பட்டுத் திரும்பும் பிம்பமாகத்தான் எடுப்பவர் பார்க்கிறார். பொத்தானை அழுத்தும்போது அந்தக் கண்ணாடி மேலெழும். கண் வைத்திருக்கும் துவாரம் ஒரு கணம் இருண்டுபோகும். படம் பதியும் அதே கணத்தில், படம் எடுக்கிறவருக்கு மட்டும் புலி தெரிவதில்லை! கண்ணாடியே இல்லாத கைப்பேசி இதையும் தாண்டிப் போய்விட்டது. செல்ஃபி எடுக்கிறவர் புலிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். மூலவருக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேறும் அதே ஆள்தான் இவரும்.

பாதுகாப்பான தூரத்தில் நின்று, நம்மைத் திரும்பப் பார்க்க முடியாத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கேமராவோடு வந்ததில்லை. மிருகக்காட்சிச்சாலைகளின் கட்டடக் கலையே அந்த ஆசையின் மேல் எழும்பியது. ஜெர்மானிய விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க் அருகே திறந்த பூங்காவில் கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டினார். சிங்கம் திறந்த வெளியில் நிற்பதுபோல் தெரிந்தது. தாண்ட முடியாத பள்ளம் பார்வையாளர் கண்ணுக்கு மறைந்தது. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிவைத்து, பிறகு மூர் மார்க்கெட் பக்கம் பல தலைமுறைகள் ‘உயிர் காலேஜ்’ என்று அழைத்த சென்னை மிருகக்காட்சிச்சாலை, 1985இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்தபோது இந்த அகழி முறையில்தான் விரிந்தது. பழைய இரும்புக் கூண்டோடு ஒப்பிட்டால் விலங்குக்கு எவ்வளவோ நல்லது, சந்தேகமில்லை. ஆனால் கம்பி மறைந்தது பாதி விலங்குக்காக, பாதி நம் மனச்சாட்சிக்காக.

மிச்சமிருக்கும் கம்பியைப் புகைப்படக்காரர் மறையவைக்கிறார். இதற்கென்று கைப்பழக்கங்கள் உண்டு. லென்ஸைக் கம்பிவலைக்கு எவ்வளவு ஒட்டிக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு ஒட்ட வேண்டும், துளையை அகலத் திறந்துவைக்க வேண்டும், நீள லென்ஸால் விலங்கு வலையைவிட்டு விலகி நிற்கும் நேரம் பார்த்துக் கண்ணில் ஃபோகஸ் செய்ய வேண்டும். வலை புகையாகக் கரைந்துவிடும். கண்ணாடித் தடுப்பு என்றால் ரப்பர் மூடியைக் கண்ணாடியில் பதித்து எதிரொளியைத் தடுக்கலாம். பின்னால் சிமென்ட் சுவர் தெரிந்தால் ஓர் அடி நகர்ந்து ஒரு மூங்கில் புதரைக் கொண்டுவந்து மறைக்கலாம். இதையெல்லாம் செய்து முடித்ததும் கிடைப்பது ஓர் அடர்காட்டுப் புலி. திறமை, ஐயமில்லை. ஆனால் அந்தப் புலி எங்கும் இல்லை.

அதன் முகத்தில் நாம் பார்க்கும் கொடூரமும் பெரும்பாலும் அங்கே இல்லை. கூட்டம் காத்திருப்பது வாய் பிளந்து கோரைப்பல் தெரியும் படத்துக்கு. பகலின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கும் விலங்கு வாய் பிளப்பது அனேகமாகக் கொட்டாவிக்கு. இன்னொரு புலியின் சிறுநீர் வாடையை மோந்த பிறகு உதட்டைச் சுருட்டி, மூக்கைச் சுளித்து, நாக்கைத் தொங்கவிட்டு நிற்பதும் உண்டு. மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வாசனையை ஏற்றும் செயல் அது. நிழற்படத்தில் அது ஆத்திரமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சமணர்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். திகம்பர மரபில் மகாவீரரே ஒரு முற்பிறவியில் சிங்கம். இரண்டு முனிவர்கள் சொன்ன அறத்தைக் கேட்டு மனம் திரும்பிய சிங்கம். அவருடைய சின்னமும் சிங்கமே. தொல்காப்பிய மரபியலும் விலங்கை ஐயறிவுடையது என்று ஏணியில் ஒரு படி கீழே வைத்ததே தவிர, தீயது என்று வைக்கவில்லை. கொடுமை என்பது தெரிந்து செய்வது. அந்தக் கணக்கில் அகழியின் எந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பட்டம் பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. 2021 ஜூனில், பொதுமுடக்கத்தில் வண்டலூர்ப் பூங்கா மூடிக்கிடந்தபோது நீலா என்ற ஒன்பது வயதுப் பெண்சிங்கம் கொரோனாத் தொற்றோடு இறந்தது. அச்சமூட்டும் விலங்கு என்று பலகை வைத்திருப்பவற்றின் உண்மை நிலை அந்தச் செய்தியில் இருந்தது.

கேமராவுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. 1933இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், ஹோபார்ட் நகரின் பியூமாரிஸ் மிருகக்காட்சிச்சாலையில், டேவிட் ஃப்ளே என்ற விலங்கியலாளர் ஒரு தைலசினைப் படச்சுருளில் பதிந்தார். முதுகில் வரி, நாயின் முகம், கங்காரு போல் குட்டிக்குப் பை. டாஸ்மேனியப் புலி என்று ஐரோப்பியர் பெயர் வைத்து, தலைக்கு விலை கொடுத்துக் கொன்று தீர்த்த விலங்கு. ஃப்ளே கூண்டுக்குள்ளேயே போய் எடுத்தார். அது அவரைப் பின்புறத்தில் கடித்து வைத்தது. படத்தில் அது வாயை நம்ப முடியாத அளவுக்கு அகலத் திறக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி மாதிரி இருக்கும், ஆனால் அது மிரட்டல் என்கிறார்கள். அறியப்பட்ட கடைசித் தைலசின் 1936 செப்டம்பர் 7 அன்று அதே இடத்தில் செத்தது. இன்று அந்த விலங்கு எப்படி நடந்தது, எப்படித் திரும்பியது என்று தெரிந்துகொள்ள மனிதகுலத்திடம் இருப்பது இதுபோன்ற சில நிமிடத் துண்டுகளே. கூண்டு தெரிகிறது, கம்பி தெரிகிறது, தரை தெரிகிறது. ஃப்ளே எதையும் மறைக்க முயலவில்லை. அதனாலேயே அந்தத் துண்டு சாட்சியமாக நிற்கிறது.

மறைப்பதற்கு என்ன விலை என்பதை 2009ஆம் ஆண்டின் வனவிலங்குப் புகைப்படப் போட்டி காட்டியது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும், உலகில் பெரிதும் மதிக்கப்படும் போட்டி அது. ஸ்பெயின்காரர் ஹோசே லூயிஸ் ரோத்ரிகஸ் எடுத்த படம் முதல் பரிசு வென்றது. இரவில் ஒரு மரக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய். நடுவர்கள் வியந்தார்கள், உலகமே வியந்தது. 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. அந்த ஓநாய் பழக்கப்படுத்தப்பட்ட கூண்டு விலங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்தார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அதே ஓநாய், அதே கதவு, அதே ஒளி. ஆனாலும் நேற்று வியந்தவர்களுக்கு இன்று ஏமாந்த உணர்வு. அழகு என்பது கண்ணுக்கு முன்னால் இருப்பதில் மட்டும் அடங்குவதில்லை, அந்த விலங்கு பாய மறுத்திருக்க முடியுமா என்பதும் அதில் சேர்த்தி என்று மறைமுகமாக ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது.

தமிழ்நாட்டில் இதை வாழ்ந்தே காட்டியவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். பல கேமராக்களின் உறுப்புகளைத் தாமே கோத்துக் கட்டிய ஒரு விசித்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டில் அலைந்து, கறுப்பு வெள்ளையில் யானையையும் காட்டெருமையையும் எடுத்தார். அவர் படங்களில் விலங்குகள் அனேகமாக எதுவுமே செய்வதில்லை. நிற்கின்றன, மேய்கின்றன, ஒதுங்கிப் போகின்றன. போகலாம் என்ற வாய்ப்பு அவற்றுக்கு இருந்தது.

ஆங்கில எழுத்தாளர் ஜான் பெர்ஜர் விலங்குகளை ஏன் பார்க்கிறோம் என்று கேட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிறவர் எந்த விலங்கின் பார்வையையும் அங்கே சந்திக்க முடியாது என்ற முடிவுக்கு வருகிறார். அவற்றின் கண் நம்மீது பட்டும் படாமல் நழுவிப் போய்விடுகிறதாம். பாதி உண்மை. தினமும் இறைச்சி கொண்டுவரும் காப்பாளரின் குரலுக்குக் காதைத் திருப்பும் சிங்கத்தைப் பார்த்தவர்கள் முழுவதும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பார்வை செத்துவிடவில்லை, நமக்குத் தரப்படுவதில்லை, அவ்வளவே. ஆயிரம் பேர் வந்து போகும் ஞாயிற்றுக்கிழமையில் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்க்க அதற்கு என்ன தலையெழுத்து?

தரிசனம் கெட்டுப்போனால் எதில் போய் முடியும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். முதலாவது, வண்டலூரிலும் பார்வையாளரை ஈர்க்கும் வெள்ளைப்புலி. இன்று உலகக் கூண்டுகளில் உள்ள வெள்ளைப்புலிகளில் மிகப் பெரும்பாலானவை, 1951இல் ரீவா மகாராஜா மார்த்தாண்ட சிங் பிடித்த மோகன் என்ற ஒரே குட்டியின் வம்சம். நிறம் அடுத்த தலைமுறையில் வரவில்லை என்றதும் மோகனை அதன் மகள் ராதாவோடே சேர்த்தார்கள். 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அதன் பிறகும் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம். அது ஒரு தனி இனம் கிடையாது, அழிவிலிருந்து காக்கவேண்டிய காட்டுக் கூட்டமும் கிடையாது. காட்சிக்காகவே பெருக்கப்பட்ட உடல். அந்த மரபணு பார்வை நரம்புகளின் இணைப்பையும் குலைப்பதால் பலவற்றுக்கு மாறுகண். அமெரிக்காவின் மிருகக்காட்சிச்சாலைகள் சங்கம் 2011இல் இத்தகைய இனப்பெருக்கம் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்குக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் இன்னும் சுவரொட்டியில் முதலிடம் வெள்ளைப்புலிக்கே.

இரண்டாவது, தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில் இருந்த பௌத்த மடம். உலகம் அதைப் புலிக்கோயில் என்று அழைத்தது. 1999இல் ஒரு அநாதைப் புலிக்குட்டிக்கு அடைக்கலம் கொடுத்ததில் தொடங்கி, காவியுடைத் துறவிகளோடு புலிகள் படுத்திருக்கும் காட்சியாக வளர்ந்தது. பணம் கட்டிய சுற்றுலாப் பயணி புலியின் தலையை மடியில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளலாம். படத்தில் பார்த்தால் அன்பே உருவான காட்சி. மனிதனும் மிருகமும் பகை மறந்த புத்தரின் உலகம்! 2016இல் அதிகாரிகள் உள்ளே புகுந்து புலிகளை வெளியேற்றினார்கள். உறைபெட்டியில் 40 குட்டிகளின் சடலங்கள் இருந்தன. அங்கிருந்து கைப்பற்றப்பட்ட 147இல் 86 புலிகள் 2019க்குள் இறந்துவிட்டன என்று அரசே அறிவித்தது. நெருங்கிய உறவுக்குள் பிறந்த பலவீனமும் நோயும் காரணமாகச் சொல்லப்பட்டன.

பௌத்த ஜாதகக் கதைகளில் ஒன்று பசித்த பெண்புலியைப் பற்றியது. ஈன்ற களைப்பில், பசி தாளாமல் தன் குட்டிகளையே தின்னப் பார்க்கும் புலிக்கு போதிசத்துவர் தம் உடலை இரையாகத் தருகிறார். நேபாளத்தில் நமோ புத்தா என்ற மலைமேல் இதை நினைவுகூரும் தூபி இருக்கிறது, யாத்திரிகர்கள் இன்றும் போகிறார்கள். அந்தக் கதையில் உடலைக் கொடுத்தவர் மனிதர். காஞ்சனபுரியில் கொடுத்தது புலி. அதே மதம், அதே விலங்கு, நடுவில் ஒரு கேமரா வந்ததும் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் இடம் மாறிவிட்டார்கள். அங்கே போய்ப் படமெடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புலியை நேசிக்கிறோம் என்றே அவர்கள் நம்பினார்கள். சங்கடமே அதுதான்.

அப்படியானால் கேமராவைக் கோயிலில் தடுத்ததுபோல் இங்கும் தடுத்துவிட வேண்டுமா? வேண்டாம். சென்னையில் கூலி வேலை செய்யும் குடும்பம் முதுமலைக்கோ சத்தியமங்கலத்துக்கோ போய்ப் புலி தெரியும்வரை காத்திருக்கப்போவதில்லை. அவர்கள் குழந்தை தன் வாழ்நாளில் பார்க்கப்போகும் ஒரே புலி வண்டலூர்ப் புலியாக இருக்கலாம். அந்தக் குழந்தையிடமிருந்து படத்தைப் பிடுங்குவது எந்த அறமும் ஆகாது. கோயிலிடமிருந்து இரவல் வாங்க வேண்டியது தடையை அல்ல, திரையை.

எந்தச் சிவன் கோயிலிலும் நைவேத்தியம், அலங்காரம் என்றால் திரை விழுந்துவிடும். அமைச்சர் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்தப்படும். காஞ்சிபுரத்து அத்திவரதர் நாற்பது ஆண்டுகள் குளத்துக்கு அடியில் கிடந்துவிட்டு 48 நாள் மட்டும் வெளியே வருகிறார். 1979க்குப் பிறகு 2019. அடுத்த தரிசனத்துக்கு உயிரோடிருப்போமா என்று தெரியாமல் இலட்சக்கணக்கில் சனம் வரிசையில் நின்றது. யாரும் குளத்தங்கரையில் நின்று எழுந்திரு என்று கத்தவில்லை. காணப்படுவதற்குத் தன் நேரம் உண்டு, காணாமல் இருக்கவும் உரிமை உண்டு என்பதைத் தெய்வத்துக்கு நாம் மனமார ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

புலி நிழலான மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்பதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டலூரில் பார்க்கலாம். விசில், கைதட்டல், “ஏய், எந்திரி!” காசு கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லை என்ற முணுமுணுப்பு. பூங்கா விலங்கைச் சீண்டுவதும் சத்தம்போட்டுத் தொந்தரவு செய்வதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி குற்றம் என்பது அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரியாது. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பெண் செல்ஃபிக்காகத் தடுப்பைத் தாண்டி ஜாகுவார் கூண்டை ஒட்டி நின்றார், அது கையைப் பிறாண்டிவிட்டது. தவறு விலங்குடையதல்ல என்று அந்தப் பூங்கா உடனே சொன்னது. சரியான தீர்ப்பு. தெய்வமானால் ஓரமாக நில் என்று சொல்லப் பாட்டி இருந்தார். ஜாகுவாருக்கு யாரும் இல்லை.

ஆகவே கேமராவோடு போங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். படத்தில் கம்பியின் ஓரம் வந்துவிட்டால் வெட்டி எறியாமல் இருக்கட்டும் என்று விடுங்கள். வாட்ஸாப்பிலோ முகநூலிலோ போடும்போது, இது வண்டலூர்ப் பூங்காவில் எடுத்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். புலி உள்ளே போய்விட்டால் அடுத்த அடைப்பைப் பார்க்க நடையைக் கட்டுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று பூங்காவுக்கு வார விடுமுறை.